மீன்குஞ்சு விட்டால் ஆறு பிழைத்துவிடுமா? காவிரியின் திமில் மஹ்சீர் கற்றுத்தரும் பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்தில் மீன் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் சொல்லும் வார்த்தை ‘டேம் மீனுங்க, ஃப்ரெஷ்’ என்பதுதான். டேம் என்றால் மேட்டூர். கடல் இல்லாத சேலம், நாமக்கல் மக்களுக்கு ‘நம்ம ஊர் மீன்’ என்றால் மேட்டூர் அணையில் பிடித்த கட்லாவும் ரோகுவும்தான்.

ஆனால், கட்லாவும் ரோகுவும் காவிரியில் பிறந்த மீன்கள் அல்ல. இரண்டும் கங்கைச் சமவெளியின் மீன்கள். மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டதில் நம்ம ஊர் மீன் ஆகிவிட்டன. காவிரியிலேயே பிறந்து, உலகில் வேறு எந்த ஆற்றுப் படுகையிலும் இயற்கையாக இல்லாத ஒரு பிரம்மாண்டமான மீனின் பெயரோ இங்கே பலருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹம்ப்பேக்டு மஹ்சீர்’ என்று பெயர். தலைக்குப் பின்னால் காளையின் திமில் மாதிரி மேடு எழும்பியிருப்பதால், தமிழில் ‘திமில் மஹ்சீர்’ எனலாம்.

அந்த மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு இப்போது பணம் ஒதுக்கியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால், இந்த மீனின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. மீனைக் காப்பாற்றுவதாக நினைத்து மனிதர்கள் செய்த ஒரு காரியமே அதற்கு எதிராகத் திரும்பியது. அதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைத்தால், அதே தவறு மறுபடியும் நடக்கும்.

யார் இந்த திமில் மஹ்சீர்?

மஹ்சீர் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய செதில்கள் கொண்ட ஆற்று மீன் வகை. இமயமலை ஆறுகளில் தொடங்கித் தென்னிந்தியா வரை பல இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று காவிரியின் திமில் மஹ்சீர். 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. 1946-ம் ஆண்டு காவிரியின் கிளை ஆறான கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. ஒரு பெரிய ஆளின் எடை!

பொன்னிற உடல், ஆரஞ்சு நிறத் துடுப்புகள், முதுகில் திமில். இவைதான் அடையாளம். பாறைகளுக்கு இடையே வேகமாக ஓடும் தண்ணீரும், கோடையிலும் வற்றாத ஆழமான மடுக்களும் இதற்கு வேண்டும். மஹ்சீர் இனங்கள் பொதுவாக மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறி, கூழாங்கல் படுகைகளில் முட்டையிடுபவை. ஓட்டம் இருந்தால்தான் அவற்றுக்கு வாழ்வு.

பிரிட்டிஷ் காலத்துத் தூண்டில்காரர்கள் மஹ்சீரைத் தங்கள் ஊர் சால்மனோடு ஒப்பிட்டு வியந்தார்கள். எச்.எஸ்.தாமஸ் 1873-ல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ நூல் இந்த மீனை உலகத் தூண்டில்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியது. இன்னொரு பக்கம், இந்தியாவில் எங்கேயும் இயற்கையாக இல்லாத ட்ரவுட் மீனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து நீலகிரியில் வளர்த்தார்கள். அவலாஞ்சியில் 1907-ல் அதற்காகக் குஞ்சு பொரிப்பகமே அமைந்தது. மலைமேல் அந்நிய மீனுக்குப் பண்ணை. கீழே காவிரியில் இருந்த சொந்த மீனுக்கு ஒரு அறிவியல் பெயர்கூட இல்லை.

பெயர் இல்லாததால் வந்த பிரச்சினை

இது மிகையல்ல. உலகமே அறிந்திருந்த இந்த மீன் எந்த இனம் என்பது 2018 வரை அறிவியல்ரீதியாக உறுதியாகவில்லை. அறிவியல் பெயர் இல்லையென்றால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மதிப்பிட முடியாது. பட்டியலில் இல்லாத உயிரினத்துக்குத் திட்டமும் வராது, நிதியும் வராது. ஆதார் அட்டை இல்லாதவருக்கு ரேஷன் கார்டு கிடைக்காத கதைதான்.

விடை கிடைத்தது ஒரு சின்ன ஆற்றிலிருந்து. கேரளத்தின் சின்னார் வனவிலங்கு சரணாலயத்தில் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹ்சீரை ஆய்வாளர்கள் தனி இனமாக விவரித்து, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியைக் கௌரவிக்கும் வகையில் ‘டார் ரெமாதேவியை’ என்று பெயரிட்டிருந்தார்கள். காவிரியின் திமில் மஹ்சீரும் இதுவும் ஒரே இனம்தான் என்பதை, மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டு, இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் குழு 2018-ல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் நிறுவியது. அதே ஆண்டு சிவப்புப் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. ஆனால், எந்த வரிசையில்? ‘மிக ஆபத்தான நிலையில் உள்ளவை’ என்ற வரிசையில். அதற்கு அடுத்த படி, இயற்கையில் முற்றிலும் அற்றுப்போவதுதான்.

காப்பாற்றப் போய் வந்த வினை

இப்போது அந்தத் திருப்பத்துக்கு வருவோம். அணைகளால் மஹ்சீர்கள் குறைகின்றன என்ற கவலை 1970-களிலேயே எழுந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் ஒரு பொரிப்பகம் அமைத்து, செயற்கை முறையில் மஹ்சீர் குஞ்சுகளை உருவாக்கியது. பெரிய சாதனைதான் அது. அங்கே வளர்ந்த குஞ்சுகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன. காவிரிக்கும் வந்தன.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், அங்கே பெருக்கப்பட்டது நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறு இனம். அதன் இயற்கையான வீடு கிருஷ்ணா ஆற்றுப் படுகை. ‘மஹ்சீர்’ என்ற பொதுப் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆற்றுக்குள் அவை ஒன்றல்ல.

விளைவு தெரியவே பல ஆண்டுகள் ஆயின. கர்நாடகப் பகுதிக் காவிரியில், கலிபோரே போன்ற முகாம்களில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு திரும்ப விடும் தூண்டில் முறை நடைமுறையில் இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கே எழுதிவைத்த பதிவேடுகள்தான் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த முக்கிய ஆதாரம். 6,000-க்கும் அதிகமான மஹ்சீர்களின் கணக்கு அதில் இருந்தது. நீலத்துடுப்பு மீன்கள் ஏறுமுகமாகப் பெருகியிருந்தன. திமில் மஹ்சீர்கள் சரிந்திருந்தன. இன்னொரு விஷயம் அதைவிடக் கவலையானது: கிடைத்த திமில் மஹ்சீர்களின் சராசரி எடை கூடிக்கொண்டே போனது.

‘எடை கூடினால் நல்லதுதானே?’ என்று தோன்றலாம். நல்லதல்ல. ஒரு ஊரில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சேரக் குழந்தைகளே இல்லை என்றால் என்ன அர்த்தம்? அதேதான் இங்கேயும். கிழட்டு மீன்கள் இருக்கின்றன, குஞ்சுகள் வரவில்லை.

இந்தச் சரிவுக்கு நீலத்துடுப்பு மீன் மட்டுமே காரணமல்ல. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், கழிவுநீர் எல்லாம் சேர்ந்துதான் நெருக்கின. ஆனால், ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த இனத்தின் இடத்தையும் இரையையும் பங்கு போட இன்னொரு இனத்தை நாமே கொண்டுவந்து விட்டோம். முன்பு அழியும் அபாயப் பட்டியலில் இருந்த நீலத்துடுப்பு மஹ்சீர் இன்று ‘கவலை குறைந்த’ பட்டியலுக்கு வந்துவிட்டது. திமில் மஹ்சீர் விளிம்புக்குப் போய்விட்டது.

தவறான மீனைக் காப்பாற்றிய அமெரிக்கா

நம் ஊரில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குச் சொந்தமான ஒரு ட்ரவுட் இனம், கிரீன்பேக் கட்த்ரோட். அது அழிந்துவிட்டதாக 1930-களில் கருதப்பட்டது. பிறகு சில ஓடைகளில் கண்டுபிடித்து, பல ஆண்டுகள் அரும்பாடுபட்டுப் பெருக்கி, மலை ஏரிகளிலும் ஓடைகளிலும் விட்டார்கள். வெற்றிக் கதையாகக் கொண்டாடினார்கள்.

2012-ல் வெளியான மரபணு ஆய்வு அந்தக் கொண்டாட்டத்தை நிறுத்தியது. 19-ம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த மீன்களோடு ஒப்பிட்டபோது, இத்தனை காலம் பெருக்கியது பெரும்பாலும் வேறு வகை ட்ரவுட் என்று தெரிந்தது. உண்மையான கிரீன்பேக் எஞ்சியிருந்தது ‘பேர் கிரீக்’ என்ற ஒரே ஒரு சின்ன ஓடையில்.

அதன்பின் கொலராடோ என்ன செய்தது என்பதுதான் முக்கியம். தவறை மறைக்கவில்லை. சரியான மீனிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. வேறு ட்ரவுட்கள் இல்லாத நீர்நிலைகளைத் தேர்ந்தெடுத்தது. ஹெர்மன் கல்ச் என்ற ஓடையில் விட்ட கிரீன்பேக்குகள் தாமாகவே இனப்பெருக்கம் செய்வதாக 2022-ல் அறிவித்தது. விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை அல்ல, ஆற்றில் தானாகப் பிறந்த குஞ்சுகளைத்தான் வெற்றி என்று எண்ணினார்கள். நாம் குறித்துக்கொள்ள வேண்டிய வரி அதுதான்.

சேலம், நாமக்கல் காவிரியின் நிலை என்ன?

திமில் மஹ்சீர் ஒரு காலத்தில் காவிரியின் முதன்மை ஓட்டத்திலும் கிளை ஆறுகளிலும் பரவியிருந்த மீன். இன்று சிதறிய சில துண்டுகளில்தான் எஞ்சியிருக்கிறது. அவற்றில் இரண்டு, தமிழகத்தின் மோயாறும் கேரளத்தின் பாம்பாறும். மோயாற்றுத் தண்ணீர் பவானிசாகர் வழியாகப் பவானி ஆறாகி, குமாரபாளையத்துக்கு எதிரே கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. பாம்பாறு அமராவதியாகி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அதாவது, திமில் மஹ்சீர் நீந்தும் தண்ணீர்தான் கடைசியில் நாமக்கல் பக்கம் வந்து சேர்கிறது. மீனால் மட்டும் வர முடியாது. இடையில் ஒரு பக்கம் பவானிசாகர் அணை. மறுபக்கம் அமராவதி அணை.

முதன்மைக் காவிரியில் இன்னும் நெருக்கடி. 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்குகிறது. டெல்டாவின் சோறு அதில்தான் இருக்கிறது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த ஹில்சா மீன்வளம் அந்த அணைக்குப் பிறகு சரிந்தது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் பழைய நந்தி சிலை தலை காட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். அந்த நந்தியோடு சேர்ந்து மூழ்கியது, பாறைகளுக்கு இடையே பாய்ந்த ஒரு ஆறும்தான்.

அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக மின்சாரத்துக்கான கதவணைகள். இன்னும் கீழே ஜேடர்பாளையம் தடுப்பணை. ஓட வேண்டிய ஆறு, படிப்படியான குளங்களாக நிற்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் சாயக்கழிவு காவிரியில் கலக்கும் பிரச்சினை பல ஆண்டுகளாகச் செய்தியாகிக்கொண்டே இருக்கிறது. சேலத்தின் கழிவுகளைச் சுமந்து வரும் திருமணிமுத்தாறு வேறு.

நின்ற தண்ணீர் கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் ஒத்துவரும். ஓடும் தண்ணீர் தேடும் மஹ்சீருக்கு அது சிறை.

ஆகவே, மேட்டூருக்குக் கீழே நாளைக்கே திமில் மஹ்சீர் துள்ளும் என்று யாரும் வாக்குறுதி தர வேண்டாம். நம்பிக்கை மிச்சமிருப்பது மேட்டூருக்கு மேலே, தமிழக எல்லையான பிலிகுண்டுலுவிலிருந்து ஒகேனக்கல் வரை பாறைகளுக்கு இடையே ஓடும் பகுதியிலும், மோயாற்றிலும்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, ஆமை எல்லாம் வாழும் இந்தப் பகுதி, மீனுக்கும் ஒரு வாய்ப்பு.

அரசு என்ன செய்கிறது? என்ன செய்ய வேண்டும்?

சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, கழுதைப்புலி, திமில் மஹ்சீர் ஆகிய நான்கு உயிரினங்களைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் ரூ.1 கோடி ஒதுக்கியது. புலி, யானை என்றால் மட்டுமே கவனிக்கும் வழக்கத்தை உடைத்து, ஒரு ஆற்று மீனைப் பட்டியலில் சேர்த்தது பாராட்ட வேண்டிய முடிவு. நான்கு உயிரினங்களுக்கு ஒரு கோடி என்பது சிறிய தொகைதான். ஆனால், இந்த மீனின் கதையில் பணத்தைவிடக் கவனம்தான் அதிகம் தேவைப்படுகிறது.

முதலாவது, விடுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும். ஆறுகளில் மீன்குஞ்சு விடுவது மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் ஓர் அங்கம். அமைச்சரோ ஆட்சியரோ படிக்கட்டில் நின்று பாத்திரத்தைச் சாய்க்கும் படம் மறுநாள் வெளியாகும். ‘அட, மீன்தானே... விட்டா வளர்ந்துட்டுப் போகுது’ என்ற எண்ணம்தான் 1970-களில் காவிரிக்கு வினையானது. எந்த இனம், எந்த ஆற்றின் தாய்மீன், மரபணுச் சோதனை நடந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல், காவிரியின் ஓடும் பகுதியில் ஒரு மஹ்சீர் குஞ்சையும் விடக் கூடாது. பொரிப்பகமே வேண்டாம் என்பதல்ல வாதம். கொலராடோவும் பொரிப்பகத்தின் துணையோடுதான் மீண்டது. ஆனால், சரியான மீன் எது என்று தெரிந்த பிறகு.

இரண்டாவது, அணையையும் ஆற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேட்டூரில் கட்லா, ரோகு வளர்ப்பது பரிசல் ஓட்டி வலை போடும் குடும்பங்களின் சோறு. அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால், அணைக்கு மேலே பாறைகளுக்கு இடையே ஓடும் காவிரிக்கு அதே கணக்கு பொருந்தாது. அணைக்கு ஒரு கொள்கை, ஓடும் ஆற்றுக்கு ஒரு கொள்கை என்று மீன்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும்.

மூன்றாவது, மீனவர்களைக் கூட்டாளிகளாக்க வேண்டும். ஆற்றில் தினமும் கணக்கெடுப்பு நடத்துபவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆரஞ்சுத் துடுப்பும் திமிலும் கொண்ட மீன் வலையில் சிக்கினால், படம் எடுத்து அனுப்பிவிட்டு உயிரோடு திரும்ப விடட்டும். அந்த மீனின் விலையை அரசு கொடுக்கட்டும். கர்நாடகத் தூண்டில் முகாம்களில், முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களுக்கே வழிகாட்டியாகவும் காவலராகவும் வேலை கொடுத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்துவிட்டுப் பாதுகாப்பைப் பேசினால், அது நிலைக்கும்.

நான்காவது, தண்ணீர். முட்டையிடும் காலத்தில் ஓட்டம், கோடையில் மடுக்களில் ஆழம், படுகையில் கூழாங்கல். இந்த மூன்றும் இல்லாத ஆற்றில் எத்தனை லட்சம் குஞ்சு விட்டாலும் கணக்குப் புத்தகம்தான் நிறையும். வெடிக்கும் மணல் கொள்ளைக்கும் சாயக்கழிவுக்கும் எதிராக ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை அமல்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

ஐந்தாவது, வெளிப்படைத்தன்மை. எங்கே தேடினார்கள், எத்தனை மீன் கண்டார்கள், அவற்றில் இளம் மீன்கள் எத்தனை என்பதை ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை குஞ்சுகள் விட்டோம் என்பது செலவுக் கணக்கு. இத்தனை குஞ்சுகள் ஆற்றில் தானாகப் பிறந்தன என்பதே பலன்.

ஒரு மீனுக்காக இவ்வளவு கவலையா?

நியாயமான கேள்வி. திமில் மஹ்சீர் சந்தைக்கு வரப்போவதில்லை, குழம்பிலும் கொதிக்கப்போவதில்லை. ஆனால், அது வாழ வேண்டுமென்றால் ஆறு ஓட வேண்டும், ஆழமாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவதும் அதே காவிரித் தண்ணீர்தான். மீனால் வாழ முடியாத தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம் என்பதில் பெருமைப்பட எதுவுமில்லை.

அடுத்த முறை காவிரியில் மீன்குஞ்சு விடும் விழாவின் வீடியோ உங்கள் போனில் வந்தால், லைக் போடுவதற்கு முன் கமென்ட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது எந்த ஆத்து மீனுங்க?’ அரை நூற்றாண்டுக்கு முன்பு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.